வலை அறும் காட்சி: கற்பிட்டிக் கரையிலிருந்து 'ஃபைண்டிங் நீமோ'

ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கி 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற அசைவூட்டத் திரைப்படத்தைப் பற்றிய வாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. படத்தைப் பார்த்த பிள்ளைகள் கோமாளி மீன் வேண்டுமென்று அடம்பிடித்ததால் கடலில் அந்த மீன் குறைந்ததா? இலங்கையின் புத்தளக் கடலோரத்தில் இருந்து பார்க்கும் எனக்கு இக்கேள்வி பாதிக் கேள்வியாகவே படுகிறது. அந்தக் கடலில் மனிதர்களை இப்படம் எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி.

இறுதிப் பகுதியில் வலைக்குள் அகப்பட்ட மீன்கள் ஒன்றுசேர்ந்து கீழ்நோக்கி நீந்துகின்றன. பாரம் தாங்காமல் வலை அறுகிறது. கற்பிட்டியில் ஒரு வீட்டில் இதைப் பார்த்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். அதே வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு முதியவர் காலை நீட்டி, பெருவிரலில் வலையைக் கொளுவி, கண் கண்ணாகப் பொத்திக்கொண்டிருந்தார். வலை அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் படம் சொல்வதில்லை. இதே கரையோரத்து உடப்பின் கரைவலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பாப் பாட்டுப் பாடி, கம்பாக் கயிற்றை இழுத்து, மீன் சேரும் மடியைக் கரை சேர்க்கிறார்கள். செலவு கழித்து மிஞ்சுவதுதான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு. மடி கிழிந்த நாளில் பங்கு இல்லை. படத்திலோ வலைக்கு மேலே இருப்பவர்களை நாம் அறிந்துகொள்வதேயில்லை. மீன்களுக்கெல்லாம் பெயரும் குணமும் கொடுத்த ஒரு கதை, அவற்றைப் பிடித்து வாழ்பவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. இந்தக் குறையை நான் சிறியதாகக் கருதவில்லை.

நீமோவைக் கொண்டுபோகும் கையும் அப்படித்தான். படத்தில் அது சிட்னி நகரப் பல் வைத்தியர் ஒருவரின் கை. பொழுதுபோக்குக்காகச் சுழியோடுபவர் அவர். இலங்கையில் அலங்கார மீன் பிடிப்பது கூலித்தொழில். கற்பிட்டிக் கடலும் அதற்குரிய இடங்களுள் ஒன்று. ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்கு இறங்கி, அவசரமாக மேலேறும் சுழியோடிக்கு மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை ஆபத்து உண்டு. முருகைக்கல்லைச் சிதைக்கும் மொக்சி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை சரியானதே. ஆனால் மீன் தொட்டி நிற்கும் வரவேற்பறைக்கும் இந்தச் சுழியோடிக்கும் இடையே நீளும் சங்கிலியை ஒரு பல் வைத்தியரின் கைக்குள் அடக்கிவிட்டால், பிழை முழுவதும் ஒரு தனிமனிதனின் அறியாமையாகச் சுருங்கிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இப்படத்தை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. காரணம் அந்தத் தகப்பன். சீலா மீன் தாயையும் முட்டைகளையும் தின்றுவிட, எஞ்சிய ஒரே பிள்ளையைத் தகப்பன் பயந்து பயந்து வளர்க்கிறான். உயிரியல்படி பார்த்தால் கதை வேறு: கோமாளி மீன்களில் பெண் இறந்துபோனால் அதன் ஆண் துணை பெண்ணாக மாறிவிடும். அதை விட்டுவிடலாம். தாய் வளைகுடா நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, தகப்பனோ அம்மம்மாவோ பிள்ளை வளர்க்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. தாயில்லாத வீட்டின் பயத்தை அழவைக்காமல், சிரிக்கவைத்துப் பேசியதற்காக நான் இப்படத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனிக் கோமாளி மீன் கேள்வி. படத்தின் தொடர்ச்சியான 'ஃபைண்டிங் டோரி' பற்றி தியோகோ வெரிசிமோவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு, நீல நிற டோரி மீனை இணையத்தில் தேடியவர்கள் கூடினார்கள் என்றும், அமெரிக்காவுக்கான அதன் இறக்குமதி கூடியதற்குச் சான்று இல்லை என்றும் கண்டது. கோமாளி மீன்களைத் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறை படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கைவந்துவிட்டது. ஆகவே படம்தான் கோமாளி மீன் வாழும் பார்களை வெறுமையாக்கியது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை.

கடலடிப் பாறைத்தளத்தை நம் கடலோடிகள் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்த இடங்களுக்கும் அதே பெயர்தான். கற்பிட்டிக்கு அப்பால் 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பார் ரீஃப், 1998இல் கடல்நீர் சூடேறியபோது வெளுத்தது. ஆழம் குறைந்த பகுதிகளில் உயிருள்ள முருகைக்கல் ஏறத்தாழ முழுவதும் மாண்டது. பின்னர் மெல்லத் துளிர்த்தது. முதற்காட்சியிலேயே இறந்துபோகும் நீமோவின் தாய்க்குப் படத்தில் வைத்த பெயர் 'கோரல்', அதாவது முருகைக்கல். தொட்டியையும் வலையையும் கண்டு அஞ்சும் அப்படத்தில் கடல்நீர் சூடேறுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஃபைண்டிங் டோரி' திரைக்கு வந்த அதே 2016இல் பார் ரீஃப் மறுபடியும் வெளுத்தது.