லாக்ராஸ் ஆட்டத்தின் ஆயத்த மரபு

அமெரிக்கக் கல்லூரிகளில் பிப்ரவரி முதல் மே வரை ஆடப்படும் லாக்ராஸ், நுனியில் வலை கட்டிய மட்டையில் சிறு ரப்பர்ப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டமாகும். போட்டிகள் வசந்த காலத்துக்குரியவை என்றாலும், புதிதாகச் சேர்ந்த மாணவர்களைத் தேர்ந்தறியும் இலையுதிர்காலப் பயிற்சி, குளிர்கால உடல்வலுப் பயிற்சி, சனவரியில் உறைபனிக்கு இடையே கூடி ஆடிப் பார்க்கும் நாட்கள் என்று நீளும் ஆயத்தக் காலம் ஆட்டக் காலத்தை விடப் பெரியது. இந்த ஆயத்த முறையின் தொடக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மன்றங்களிலும் கல்லூரிகளிலும் தேடுவது வழக்கமாக இருந்தாலும், உடலையும் உணவையும் மனத்தையும் கருவியையும் ஆட்டத்துக்கென ஒழுங்குபடுத்தும் பழக்கம் வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது.

இன்றைய கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் வாழ்ந்த வெண்டாட் மக்களிடையே தங்கியிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ழான் டி பிரெபெஃப், நோயுற்றவர் நலம்பெற வேண்டி மருத்துவர்கள் இவ்வாட்டத்தை நடத்தச் சொல்வதை 1636-ஆம் ஆண்டு அறிக்கையில் குறித்திருக்கிறார். மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெக்கா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹாடெனோசோனி மக்கள் இன்றளவும் இதனைப் படைத்தவனின் ஆட்டம் என்றே போற்றுகின்றனர். மருந்தாகவும் வழிபாடாகவும் கருதப்பட்ட ஓர் ஆட்டத்தில் ஆயத்தமின்றி இறங்குவது அவர்களுக்குத் தகாத செயலாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த ஆயத்தத்தைப் பற்றிய மிக விரிவான பதிவு, வட கரோலினா மலைப்பகுதியின் செரோக்கி மக்களிடையே 1887 முதல் ஆய்வு செய்த ஜேம்ஸ் மூனி 1890-இல் வெளியிட்ட கட்டுரையாகும். செரோக்கியர் ஒவ்வொருவரும் இரண்டு சிறு மட்டைகளைக் கொண்டு ஆடினர் எனினும் ஆட்டத்தின் குடும்பம் ஒன்றே. முயல் எளிதில் மிரண்டு நிலை தடுமாறும் என்பதால் முயல் இறைச்சியும், தவளையின் எலும்பு எளிதில் முறியும் என்பதால் தவளையும், தண்டு சட்டென ஒடிவதால் ஒரு வகைக் கீரையும் ஆட்டக்காரருக்கு விலக்கப்பட்டிருந்தன. உப்பும் சூடான உணவும்கூட ஆகாது. ஆட்டத்துக்கு முன்னர் குறைந்தது ஏழு நாட்கள் அவர்கள் பெண்களிடமிருந்து விலகி நோன்பிருந்தனர். முந்தைய இரவில் ஆற்றங்கரை அருகே தீ வளர்த்து, மட்டைகளை ஏந்தி விடியும்வரை ஆடும் பந்து நடனம் நிகழ, இடையிடையே பூசகர் அவர்களை நீர்க்கரைக்கு அழைத்துச் சென்று மந்திரம் ஓதினார். அதன்பின், வான்கோழிக் கால் எலும்பின் கூரிய சில்லுகள் ஏழினை வரிசையாகப் பொருத்திய கானுகா என்னும் சீப்பு போன்ற கருவியால் கைகளிலும் கால்களிலும் மார்பிலும் முதுகிலும் குருதி கசியக் கீறி, வேர்ச்சாற்றைப் பூசி, ஆற்றில் மூழ்கச் செய்வது ஆயத்தத்தின் உச்சமாக அமைந்தது.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மேலே செல்லும் விளையாட்டு வரலாறுகள் பெரும் பிழை செய்கின்றன. விலக்குகளுக்குக் கூறப்பட்ட காரணங்களை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. நாள் குறித்துத் தொடங்கும் கட்டுப்பாடு, அணி முழுவதற்கும் பொதுவான உணவு ஒழுங்கு, வலியைத் தாங்கப் பழக்குதல், அனைத்தையும் மேற்பார்வையிடும் ஒரு வல்லுநர், ஆட்டத்தின் முந்தைய இரவைத் தனித்திராமல் கூடியே கழித்தல் ஆகிய கூறுகள் அங்கே முழுமையாக உள்ளன. இக்காலப் பயிற்சியாளர் எவரும் தம் தொழிலின் சாரமாக இவற்றையே குறிப்பிடுவார்.

ஆயத்தத்தில் மட்டைக்கும் பங்கு உண்டு. ஹிக்கரி மரத்தைத் தேர்ந்து வெட்டிப் பிளந்து, நீராவியில் மென்மையாக்கி வளைத்து, வளைவு நிலைக்கும்படி கட்டிப் பல மாதங்கள் உலர்த்திய பின்னரே இழைத்துத் துளையிட்டு வலை பின்ன முடியும் என்பதால், ஒரு பருவத்தின் மட்டைக்கான வேலை அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கியது. கல்லூரி அணிகளின் மர மட்டைகளில் பெரும்பகுதி நெடுங்காலம் மோஹாக் கைவினைஞரின் உழைப்பிலிருந்தே வந்தது. 1968-இல் கார்ன்வால் தீவில் இருந்த மட்டைத் தொழிற்சாலை எரிந்துபோனதும், 1970-இல் பிளாஸ்டிக் தலை கொண்ட மட்டை சந்தைக்கு வந்ததும் அந்த உறவைத் துண்டித்தன.

மான்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867-இல் ஆட்டவிதிகளை வகுத்து அணிக்குப் பன்னிருவர் என வரையறுத்தபோது, சடங்குகள் நீங்கின. ஓட்டமும் எறிதலும் எஞ்சின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையேயான முதல் ஆட்டம் 1877 நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் மன்ஹாட்டன் கல்லூரிக்கும் இடையே நடைபெற்றது. இதற்கிடையே, வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணச் செலவைத் தேடிக்கொள்ளப் பணம் பெற்று ஆடிய பழங்குடி அணிகள் தொழில்முறையினர் என முத்திரை குத்தப்பட்டு, 1880-இல் கனடாவின் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களையே ஆட்டக்களத்துக்கு வெளியே நிறுத்திய இம்முடிவு விளையாட்டு வரலாற்றின் கொடிய அநீதிகளுள் ஒன்றாகும்.

கல்லூரி ஆட்டத்தில் பழங்குடி மக்களுடனான உறவு ஓரளவு உயிர்த்திருந்தது நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில்தான். ஒனொன்டாகா மக்களின் நிலத்தருகே அமைந்த சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வனவியல் கல்லூரிப் பேராசிரியர் லாரி காக்ஸ் 1916-இல் அணியை உருவாக்கிய பின்னர், ஒனொன்டாகா அணியுடன் ஆடுவது மாணவர்களுக்குச் சிறந்த பயிற்சியாக அமைந்தது. 1957-இல் அப்பல்கலைக்கழக அணி தோல்வியே காணாதபோது, அதன் கோல் காவலர் ஒனொன்டாகா இனத்தைச் சேர்ந்த ஓரன் லயன்ஸ். உடன் ஆடியவர் பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன்.

அதன்பின் ஆயத்தக் காலம் மேலும் மேலும் விதிகளுக்குள் வந்தது. 1971-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சாம்பியன் பட்டப் போட்டி தொடங்கிப் போட்டி கடுமையானதும் பயிற்சியும் நீண்டது. மாணவரின் படிப்பு பாழாகாதிருக்க, பருவக்காலப் பயிற்சியை வாரத்துக்கு 20 மணி நேரமாக அச்சங்கம் 1991-இல் வரையறுத்தது. ஆயினும் சுவரில் பந்தை எறிந்து பிடித்து இரு கைகளையும் பழக்கும் தனிப்பயிற்சி அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. அதை மாணவர் தாமே மணிக்கணக்கில் செய்கின்றனர்.

ஓரன் லயன்ஸ் 1983-இல் உருவாக்கத் துணைநின்ற ஹாடெனோசோனி அணி இன்று உலகப் போட்டிகளில் தன் சொந்தக் கொடியின் கீழ் ஆடிவருகிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸைச் சேர்க்கும் முடிவு 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் அமர்வில் எடுக்கப்பட்ட பின்னர், அங்கும் தம் பெயரிலேயே ஆட இடம் வேண்டும் என்று அம்மக்கள் கோரி வருகின்றனர். ஆட்டத்தையும் அதற்கு ஆயத்தமாகும் முறையையும் உலகுக்கு அளித்தவர்களுக்கு அந்த இடத்தை மறுப்பதற்கு எந்த விதியும் போதிய காரணமாகாது.