கட்டுமரம் என்னும் வினைத்தொகை

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல நேர்ந்தால் ஊறுகாயையும் சுடுசோற்றையும் தாண்டி வெளியே வராத தமிழாசிரியர்களுள் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாறுதலுக்காகக் கரும்பலகையில் 'கட்டுமரம்' என்று எழுதினேன். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலத்துக்கும் விரித்துக் காட்டிவிட்டு, "இலக்கணப்படி மூன்றும் சரி, ஆனால் நடைமுறையில் முதலாவது மட்டும்தான் பொருந்தும். ஒருமுறை கட்டிவிட்டால் கட்டியதுதானே" என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். வடசென்னைக் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வருபவர். வகுப்பில் அதிகம் பேசாதவர். "ஐயா, மூணும் பொருந்தும். கடலுக்குப் போறப்ப கட்டுவோம். கரைக்கு வந்ததும் அவுத்துருவோம். மறுநாள் திரும்பக் கட்டணும். எங்க தாத்தா அப்படித்தான் செஞ்சாரு" என்றார்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவந்த ஓர் இலக்கணக் குறிப்பின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. வருமொழி மகரத்தில் தொடங்குவதால் வல்லினம் மிகுவதை வைத்து இச்சொல்லைச் சோதிக்க வழியில்லை. 'கட்டு' என்பதைப் பெயராகக் கொள்ளவும் இடமுண்டு என்று இலக்கணம் வல்ல நண்பர்கள் வாதிடலாம். ஆனால் கடற்கரையின் சான்று வினைத்தொகைக்கே சாதகமாக இருக்கிறது. அந்தச் சான்றின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

படகு என்றதும் நாம் பயணத்தை நினைக்கிறோம். எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சுமக்கும், புயலைத் தாங்குமா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் துறைமுகம் இல்லாத ஒரு கரையில் வாழ்பவனுக்கு முதற்கேள்வி வேறு: இதை எப்படி நீரில் இறக்குவது, எப்படித் திரும்ப மணலில் ஏற்றுவது? ஆழ்கடல் பொதுவாக ஆபத்தற்றது. ஆபத்து கரையை ஒட்டிய அந்தச் சில நூறு அடிகளில்தான் இருக்கிறது. அங்கே நீரின் ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குன்றுகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. சோழமண்டலக் கரையில் இப்படி உடையும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசைகளில் எழுகின்றன. ஆழமான அடிப்பகுதி கொண்ட கப்பல் இவ்விடத்தில் தரைதட்டி உடையும்.

1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்த சென்னைக் கரை இப்படிப்பட்டதுதான். இயற்கைத் துறைமுகம் ஏதுமில்லாத திறந்த மணல்வெளி. கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம், கம்பெனியின் துணிமூட்டைகளும், வெள்ளிக் காசுப் பெட்டிகளும், ஆளுநர்களும், அவர்தம் மனைவியரும் கரையேறியது உள்ளூர்ப் படகோட்டிகளின் கைவண்ணத்தால்தான்.

அப்பணிக்கு இருவகைக் கலங்கள் இருந்தன. ஒன்று மசூலாப் படகு. ஏறத்தாழ முப்பதடி நீளம், உயர்ந்த பக்கங்கள், தட்டையான அடி. இதில் ஆணி கிடையாது. உள்ளே விலாச்சட்டங்களும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த ஐரோப்பியப் படகு மணலில் மோதினால் மூட்டுகள் விட்டுப் பிளந்துபோகும். தைத்த படகோ நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். நீர் கசியத்தான் செய்யும். அதை இறைத்துக் கொட்ட ஓர் ஆள் இருப்பார். உறுதி என்பது விறைப்பு அன்று என்பதை இக்கரையின் தச்சர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

கரையேறும் முறையும் கவனிக்கத்தக்கது. உடையும் அலைகளுக்கு வெளியே படகை நிறுத்தி, பின்புறத்தில் நிற்கும் தலைவர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும். பிறகு சிறிது ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் அவர் குரல் கொடுத்ததும் துடுப்புக்காரர்கள் வெறியோடு வலித்து, ஓர் அலையின் முதுகில் ஏறி உள்ளே வருவார்கள். அலையின் முகத்தில் ஏறிவிட்டால் படகு குத்துக்கரணம் போடும். முதுகில் ஏறினால் பத்திரம். அடி மணலைத் தொட்டதும் கயிறு வீசப்படும். கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். அடுத்தடுத்த அலைகளே படகைத் தூக்கித் தூக்கி மேலே வைக்கும். கடலைக் கொண்டே கடலிலிருந்து கரையேறும் உத்தி இது. அலை மிகவும் மூர்க்கமாக இருக்கும் நாட்களில், படகு இறக்கலாகாது என்பதற்குக் கரையில் ஒரு கொடி ஏறும். அன்றைக்கு யாராயிருந்தாலும் கப்பலிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

*

மசூலாவும் போகத் துணியாத நாளில் போகும் இரண்டாவது கலம்தான் கட்டுமரம். எடை குறைந்த மென்மரத் தண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்று உயர்ந்தும் அமையும்படி அருகருகே வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கினால் கலம் தயார். இதற்கு உள் என்பதே கிடையாது. மேலே விழும் அலை மரங்களுக்கிடையிலான இடுக்குகள் வழியே வடிந்துவிடும். இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை; மூழ்கவும் வழியில்லை. கவிழ்ந்தால் நீந்திப்போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் இக்கட்டுமரக்காரர்களே. பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்து, உடல் முழுதும் நனைந்தாலும் தாள் நனையாமல் சேர்த்தார்கள். மசூலாப் படகு பயணிகளோடு அலையைக் கடக்கும்போது பக்கத்திலேயே கட்டுமரங்களும் வரும், விழுந்தவர்களைத் தூக்குவதற்காக.

கரையேறிய பின் நடப்பதுதான் நம் மாணவர் சொன்னது. மரம் நீரில் ஊறினால் கனக்கும்; கனத்தால் மிதக்கும் தன்மை குறையும். ஆகவே முழங்காலளவு நீரிலேயே கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தண்டாகத் தோளில் ஏற்றி, மணல்மேட்டில் தனித்தனியே காயப் போடுவார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு முழுக் கலத்தைக் கரையேற்ற முடிவதன் இரகசியம் இதுதான். மேடையோ, உருளையோ, சகடையோ வேண்டாம். கரையேறும்போது அது படகாக இல்லாமல் போய்விடுகிறது! மறுநாள் விடியலில் திரும்பவும் படகாகிறது.

கலத்தின் வடிவத்தை முடிவு செய்வது கடல் அன்று, கரை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இந்த மரபு பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற்பயண நூல்', இக்கரையில் தனிமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலங்களைக் குறிப்பிடுகிறது. அவை இன்றைய கட்டுமரத்தின் முன்னோர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தோடு மரத்தைப் பிணைக்கும் எண்ணம் இங்கே ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு அது சான்று. சங்கப் பாடல்களில் திமில், அம்பி, தோணி, நாவாய், வங்கம் ஆகியவற்றுடன் 'புணை' என்ற சொல்லும் வருகிறது. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற புறநானூற்றுப் பாட்டில் உயிருக்கு உவமையாவது இப்புணையே. புணை, பிணை, புணர் எனச் சொற்களை அடுக்கிப் பாருங்கள்: மிதப்பதைக் காட்டிலும் சேர்ப்பதைத்தான் அவை முதன்மையாகச் சொல்கின்றன.

*

ஆங்கிலேயர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1669 முதல் 1679 வரை வங்கக் கடலோர நாடுகளைச் சுற்றிய தாமஸ் பௌரி தம் கையெழுத்துப் பிரதியில் இக்கலங்களை விவரித்திருக்கிறார். 1697-இல் அச்சேறிய வில்லியம் டாம்பியரின் பயணநூல் 'கட்டமரான்' என்ற பெயரை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியது. அதன்பின் அச்சொல் போன இடங்கள் வியப்பூட்டுபவை. 1804-இல் நெப்போலியனின் பூலோன் துறைப் படகுகளை எரிக்க ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்கு அப்பெயர் வைத்தார்கள். 1876-இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைச் செய்து பந்தயத்தில் வென்றபோது, அவ்வகைக்கு அப்பெயர் நிலைத்தது. 1950-களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்து உழவர் ஆம்புரோஸ் வீரஸ், இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, அவ்விரு வரிசைகளின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். பான்டூன் படகு என்று இன்று அமெரிக்க ஏரிகளெங்கும் காணப்படும் கலத்தின் தொடக்கம் அது. அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் நேரடி உறவில்லை. ஆனால் மிதவைகளை இணைத்து மேலே மனிதனை நிறுத்தும் எண்ணம் ஒன்றே.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இறக்கி ஏற்றுவதைத்தான். பான்டூனை இழுவண்டியில் ஏற்றிச் சரிவுப் பாதையில் பின்னோக்கித் தள்ளி நீருக்குள் விடுகிறார்கள். நீர் ஆழமில்லையென்றால் மிதவைகள் வண்டியைவிட்டு எழும்பாது. இழுக்கும் காரின் பின்சக்கரங்களும் நீருக்குள் போக வேண்டிவரும். திரும்ப ஏற்றும்போது வண்டியை அதிகம் அமிழ்த்திவிட்டால் படகு நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் விலகும். குறைவாக அமிழ்த்தினால் ஏறாது. இயந்திரத்தின் உந்துவிசிறியையும் தக்க சமயத்தில் மேலே தூக்கியாக வேண்டும். எல்லாம் அதே ஆழமற்ற நீரின் சிக்கல்தான். அவர்கள் விடை வண்டியிலும் சரிவுப் பாதையிலும் இருக்கிறது. நம்மவர் விடை ஒரு முடிச்சில் இருந்தது.

ஆங்கிலம் இச்சொல்லைப் பெயராக மட்டுமே எடுத்துச் சென்றது. உள்ளேயிருந்த வினை நம் கரையிலேயே தங்கிவிட்டது. இன்று உலகெங்கும் ஓடும் கட்டமரான்களில் பெரும்பாலானவற்றில் அவிழ்க்கக்கூடிய கட்டு எதுவும் இல்லை.

*

வினை இங்கேயும் தங்கவில்லை என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

1861-வாக்கில் சென்னைக் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல் கட்டிய சுவர்களில் பெரும்பகுதியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்ப்ரிங் வாயிலை இடம் மாற்றித் துறைமுகத்தைப் பயன்படத்தக்கதாக்கினார். மசூலாக்காரர்களின் தேவை சிறிது சிறிதாக மறைந்தது.

ஆனால் துறைமுகச் சுவர் கப்பலை மட்டும் நிறுத்தவில்லை, மணலையும் நிறுத்தியது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. ஒருகாலத்தில் கோட்டை மதிலருகே அடித்த கடல் விலகிப்போய் மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே, வரவேண்டிய மணல் வராததால் இராயபுரம் முதல் வடக்காகக் கரை தேய்ந்தது. தேய்மானத்தைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். நகரம் மாலைநேரத்தில் காற்று வாங்கும் மணலும் வடக்கே குப்பங்கள் இழந்த மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கலங்களும் மாறின. 1979-இல் உணவு வேளாண் அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் ஏற்றத்தக்க இயந்திரப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. விசிறியைத் தூக்கிக்கொள்ளும்படி இயந்திரத்தை அமைத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் மரக்கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. வேகம் கூடியது, பிடிக்கப் போகும் தூரம் கூடியது. இதற்காக வருந்த எனக்கு உரிமையில்லை. இடுப்பளவு நனைந்துகொண்டே நாள்முழுதும் உழைத்தவர்களின் துன்பத்தைக் கரையில் நின்று அழகென்று வருணிப்பது பிழை. ஆனால் அப்படகுகள் அவிழா. கரையேற்றப் பல பேர் வேண்டும், அல்லது சில ஊர்களில் காண்பதுபோல் டிராக்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அகன்ற மணல் வேண்டும்.

அம்மாணவரின் தாத்தாவைப் பின்னொரு நாள் பார்க்கப் போனேன். வீட்டுச் சுவரையொட்டி நான்கு தண்டுகள் கிடந்தன. ஒன்றின்மேல் துணி காய்ந்தது. கேட்டுக்கொண்டதற்காகக் கயிறெடுத்துக் கட்டிக் காட்டினார். கைகள் தாமாகவே நகர்ந்தன. சில நிமிடங்களில் அந்த நான்கு கட்டைகளும் கலமாகிவிட்டன. எதிரே கருங்கல் சுவரில் அலை அறைந்துகொண்டிருந்தது.

"இங்கேயிருந்து இறக்க முடியாதா, ஐயா?" என்று கேட்டேன்.

"எறக்குறது எப்படியாவது எறக்கிடலாம் சார். திரும்பி வந்து ஏத்துறதுக்குத்தான் கரை வேணும்" என்றார். பிறகு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் முடிச்சை அவிழ்த்து, தண்டுகளைப் பழையபடி சுவரோரம் அடுக்கினார்.

இப்போதும் வினைத்தொகைப் பாடத்தில் கட்டுமரத்தைத்தான் எழுதுகிறேன். கட்டிய, கட்டுகின்ற, கட்டும் என்று மூன்றையும் விரிக்கிறேன். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் சற்றுத் தயங்குகிறது.