பூங்காவின் அருகே பொது இல்லம்

ஊர் விட்டு ஊர் சென்று வாழத் தலைப்படும் மனிதன் முதற்கண் நாடுவது வேலை. அடுத்து நாடுவது வீடு. வேலை ஒரு திங்களில் கிடைத்துவிடலாம். தனக்கென ஒரு வீடு, ஒரு தலைமுறை கழிந்தும் கிட்டாதவர் பலர். அதிலும், காற்றும் வெளிச்சமும் புகும் அறைகள், பிள்ளைகள் ஓடியாட அருகே ஒரு பூங்கா, மாத வருவாய்க்கு அடங்கிய செலவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் செல்வர்க்கே உரியது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. அதனை நம் சங்கத்து அன்பர்களின் சிந்தனைக்கு வைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

மூசி தந்த பாடம்

நாம் வாழும் ஐதராபாத் நகரில் வீட்டையும் பூங்காவையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் நிலை ஒரு பேரழிவின் பின்னரே உண்டாயிற்று. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்துக் கரையோரக் குடிகளில் பல்லாயிரவரை வாரிக்கொண்டு போயிற்று. மறு ஆண்டு அழைக்கப்பெற்ற பொறியியற் பேரறிஞர் விசுவேசுவரய்யா, நகருக்கு மேலே அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுக்கவும், நகருள் ஆற்றங்கரையைச் செப்பனிட்டுப் பூங்காக்கள் அமைக்கவும் வழி கூறினார். 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் நிறுவப்பெற்றது. நாம்பள்ளி முதலிய இடங்களில் நெருக்கமும் நோயும் மிக்க குடியிருப்புகளை அகற்றி, எளியோர்க்கு ஒழுங்கான வீடுகளையும் திறந்த வெளிகளையும் அவ்வாரியம் அமைத்தது. உசுமான் சாகர் 1920-இலும், இமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின.

இவை போற்றத்தக்க பணிகளே. ஆயினும், வாரிய வீட்டில் வாழ்ந்தவன் குடித்தனக்காரனாகவே இருந்தான். வீடு யாருடையது, வாடகை எவ்வளவு என்பனவற்றில் அவனுக்கு வாக்கு இல்லை. அவ்வாக்கைத் தருவதற்கு வேறொரு நெறி வேண்டியிருந்தது. அதுவே கூட்டுறவு.

சட்டம் திறந்த வழி

இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் முதன்முதல் 1904-இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிப் பண்டகசாலை நடத்திப் புகழ் பெற்றது. ஆனால் அச்சட்டம் கடன் சங்கங்களையே கருத்திற் கொண்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பிற துறைகளுக்கும் கதவைத் திறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1915-இல், பம்பாய் காம்தேவியில் சாரசுவதக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் எழுந்தது. அதனை நிறுவியவர் சிரீபாத் சுப்பராவ் தல்மாகி.

நம்மனோர் இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சங்கத்தார் கன்னடக் கடற்கரையினின்று பிழைப்பு நாடிப் பம்பாய் சென்று குடியேறியவர்கள். நம்மைப் போன்று பிறமொழி நகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள். அவர்கள் மனையைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொள்ளவில்லை. கட்டடம் சங்கத்தின் உடைமை. உறுப்பினர் சங்கத்திற் பங்குகள் வாங்கி, வாடகை செலுத்தி வாழ்வர். தானே வீட்டுக்காரன், தானே குடித்தனக்காரன் என்னும் புதுமை நம் நாட்டில் இவ்வாறு கால்கொண்டது.

பிராங்சுத் தொழிலாளர்

இந்நெறியின் முழுப் பயனைக் காண நாம் கடல் கடந்து செல்லவேண்டும். இமாயத் சாகர் நிறைவுற்ற அதே 1927-ஆம் ஆண்டு, நியூயார்க் மாநகரின் பிராங்சு பகுதியில், வான் கார்ட்லண்ட் பூங்காவின் தென் ஓரத்தில் ஒரு குடியிருப்பு எழுந்தது. அதற்கு அமால்கமேட்டட் கூட்டுறவு இல்லங்கள் என்று பெயர். கட்டியவர்கள் ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்கத்தினர். அவர்களிற் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவினின்று வந்த யூதர். வெளிச்சமற்ற நெருக்கடிக் குடியிருப்புகளில் உழன்றவர். முயற்சிக்குத் தலைநின்றவர், தாமும் அவ்வாறே உருசியப் பேரரசினின்று குடியேறிய ஆபிரகாம் கசான் என்பவர்.

1926-இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம் இதற்குத் துணை செய்தது. வாடகைக்கு உச்சவரம்பு, முதலுக்கு நூற்றுக்கு 6 விழுக்காட்டுக்கு மேற்படாத ஆதாயம் என்னும் கட்டுப்பாடுகளை ஏற்கும் நிறுவனத்திற்கு வரிச்சலுகை அளித்தது அச்சட்டம். முதற்கண் அமைந்த வீடுகள் 303. அறை ஒன்றுக்கு 500 டாலர் பங்குத்தொகை. மாதந்தோறும் அறை ஒன்றுக்கு ஏறத்தாழ 11 டாலர் கட்டணம். நான்கு அறை வீட்டுக்கு 2,000 டாலர் என்பது தையல் தொழிலாளிக்குப் பெருந்தொகையே. ஆதலின் அதில் ஒரு பகுதியைக் கடனாகப் பெறவும் ஏற்பாடு செய்தனர்.

வீட்டோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பாலும் மளிகையும் மொத்தமாக வாங்கித் தம்முள் விற்றனர்; நூலகம், குழந்தைகள் பள்ளி, பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பேருந்து ஆகியவற்றை நடத்தினர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த உறுப்பினருக்குப் பொது நிதியினின்று உதவினர்.

எல்லாவற்றினும் தலையாயது ஒரு விதி. வீட்டை விட்டு நீங்கும் உறுப்பினர் அதனைச் சந்தை விலைக்கு விற்றல் இயலாது. வரையறுத்த பங்குத்தொகையை மட்டும் திரும்பப் பெறுவார். காத்திருப்போர் வரிசையில் அடுத்து நிற்பவர்க்கு வீடு செல்லும். இவ்விதி காக்கப்பட்டமையால், ஏறக்குறைய 1,500 வீடுகளாக வளர்ந்துள்ள அக்குடியிருப்பு இன்றும் நடுத்தர வருவாயினர்க்கு எட்டும் இடமாகவே விளங்குகின்றது.

இதற்கு மறுதலையான வரலாறும் அப்பகுதியிலேயே உண்டு. பிராங்சுப் பூங்காவின் எதிரே, அதே காலத்தில், இடதுசாரித் தொழிலாளர் கட்டிய ஐக்கியத் தொழிலாளர் கூட்டுறவுக் குடியிருப்பு, கொள்கையிற் சிறிதும் குறைந்ததன்று. ஆனால், கடன் கொடுத்தோர் அறைக்கு ஒரு டாலர் கட்டண உயர்வு வேண்டியபோது உறுப்பினர் மறுத்துவிட்டனர். 1943-இல் கட்டடங்கள் தனியார் கைக்குப் போயின. அன்பர் கூடிக் கட்டுதல் மட்டும் போதாது. கணக்குப் பார்த்துக் காத்தலும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் அருகருகே நின்று உணர்த்துகின்றன.

நம் நகரின் கதை

இனி ஐதராபாத்திற்கு மீள்வோம். 1962-இல் ஜூபிளி ஹில்சு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. ஏறக்குறைய 1,400 ஏக்கர் பாறைக் குன்று அதற்குக் கிடைத்தது. அக்காலத்தில் அது நகருக்குப் புறம்பான கரடு. அதனருகே சிரான் அரண்மனையைச் சூழ்ந்த காடு, 350 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடன், 1998-இல் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. கூட்டுறவுச் சங்கம் உண்டு. பக்கத்தே பெரும் பூங்காவும் உண்டு. ஆயின், எளியோர்க்கு அங்கு இடம் உண்டோ எனின், இல்லை. நகரிலேயே மிக உயர்ந்த விலையுடைய மனைகளுள் அவை எண்ணப்படுகின்றன.

காரணம் யாது? அச்சங்கம் நிலத்தைப் பெற்று மனைகளாகப் பங்கிட்டது. பங்கிட்ட மனை தனிமனிதர் உடைமையாயிற்று. தனியுடைமை சந்தைக்குச் சென்றது. இஃது ஒரு சங்கத்தின் குறையன்று. நம் நாட்டு வீடு கட்டும் சங்கங்களிற் பெரும்பாலானவை சென்ற வழியே இது. 1987-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டத்தின் கீழ் எழுந்த அடுக்கு மாடிகளிலும், வீடு தனித்தனியே விலைபோகும். எஞ்சும் சங்கம் மின்தூக்கியையும் தண்ணீரையும் கவனிக்கும் அளவில் நிற்கும்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்விரட்டை நகரில் தமிழர் வாழ்வு புதியதன்று. 1798-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சென்னைப் படையோடு வந்த குடும்பங்கள் செகந்தராபாத்தில் வேரூன்றின. பத்மராவ் முதலியாரின் பெயரால் இன்றும் ஒரு நகர் வழங்குகின்றது. 1960-களிலிருந்து இராமச்சந்திராபுரத்து மிகுமின் தொழிற்சாலை முதலியவற்றில் பணியாற்ற வந்தோர் பல்லாயிரவர். பணிக்காலத்தில் அவர்க்கு மரநிழலும் விளையாட்டு வெளியும் உடைய குடியிருப்புகள் கிட்டின. ஓய்வு பெற்றதும் அவ்வீட்டைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. அண்டை வீட்டாராய் முப்பது ஆண்டு வாழ்ந்தோர் நகரின் எட்டுத் திசைக்கும் சிதறினர். ஆண்டுக்கு ஒருமுறை நம் சங்க விழாவிற் கூடி நலம் உசாவும் முதியோர்க்கு, நாள்தோறும் மாலையில் ஒரே பூங்காவில் உலவும் வாய்ப்பு இல்லை.

வரலாறு காட்டும் வழி தெளிவானது. நிலத்தைப் பங்கிடும் கூட்டுறவு முதல் தலைமுறையோடு முடிவுறுகின்றது. நிலத்தைப் பொதுவில் வைத்துப் பயனைப் பங்கிடும் கூட்டுறவு தலைமுறை கடந்து நிற்கின்றது. ஆனால் அதற்கு ஒவ்வோர் உறுப்பினரும் ஒன்றைத் துறத்தல் வேண்டும்: வீட்டின் விலை ஏறும்போது வரும் ஆதாயத்தை. தம் மக்கட்குச் சொத்து வைக்க விரும்பும் நம்மனோர்க்கு இஃது எளிய துறவன்று. எனினும், தமக்குப் பின் வரும் அறியாத ஒரு குடும்பத்திற்கு அதே விலையில் அதே வீட்டை விட்டுச் செல்வதும் ஒரு சொத்தே. மாடி கட்டுமுன், மனை தேடுமுன், நம்மில் இருபது குடும்பத்தாரேனும் அமர்ந்து இவ்வொரு வினாவிற்கு நேர்மையாக விடை காண்பாராயின், அதுவே அடிக்கல்லாகும்.