பாம்பு வழிபாடும் இயல்பூக்கமும்

பாம்பைக் கண்டதும் உடம்பு தானாகவே பின்வாங்குகிறது. பிறகு அதே பாம்புக்குக் கல்லில் உருவம் செய்து மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். முதலாவது குரங்குக்கும் உண்டு. இரண்டாவது மனிதருக்கு மட்டும். சமய நம்பிக்கை விலங்குணர்விலிருந்து முளைத்ததா என்று ஆராய்பவர்களுக்குப் பழைய திருவிதாங்கூர் நல்ல களம்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் பெருமாளுக்குப் படுக்கையே அனந்தன் என்னும் பாம்புதான். அதைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து நீளும் சாலைக் கடைத்தெரு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. ஆயில்ய நட்சத்திர நாளில் சர்ப்பக்காவுக்கு, அதாவது பாம்புக்கென்று விட்ட மரச்சோலைக்கு, போகிறவர்கள் மஞ்சள்பொடி, கதளிப்பழம், இளநீர் எல்லாவற்றையும் இந்தத் தெருவிலேயே வாங்கிவிடலாம்.

அச்சமே சமயத்தின் தாய் என்ற கருத்து பழையது. டேவிட் ஹியூம் 1757இல் அதை விரிவாக எழுதினார்: வாழ்க்கையின் பயமும் எதிர்பார்ப்பும்தான் ஆதி மனிதனைத் தெய்வத்தை நோக்கித் திருப்பின, மேகத்தில் படையையும் நிலவில் முகத்தையும் காண்பது மனித இயல்பு. 1868இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் சாஞ்சி, அமராவதிச் சிற்பங்களை வைத்து மர வழிபாடு, பாம்பு வழிபாடு பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஆனால் கேள்வியை விலங்கிடம் கொண்டுபோனவர் டார்வின். புல்வெளியில் விரித்து வைத்த குடை காற்றில் அசைந்தபோதெல்லாம் அவருடைய நாய் உறுமியது. கண்ணுக்குத் தெரியாத யாரோ அசைக்கிறார்கள் என்று அது நினைத்திருக்கும், ஆவி நம்பிக்கையின் தொடக்கமும் அப்படித்தான் என்று 1871இல் எழுதினார். அடுத்த ஆண்டு நூலில் தம்மையே சாட்சியாக்கினார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில், விரியன் பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அசையக் கூடாது என்று உறுதியாக நின்றார். பாம்பு கொத்த வந்ததும் உறுதி போய்விட்டது. துள்ளிப் பின்னால் குதித்தார்.

1980களில் உளவியலாளர் சூசன் மினேகா ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளைச் சோதித்தார். அவை முதலில் பாம்புக்குப் பயப்படவில்லை. வேறு குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்தவுடன் கற்றுக்கொண்டன. பூவைக் கண்டு மிரள்வதுபோல் ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டியும் பூவுக்கு அவை பயப்படவில்லை. பயம் பிறவியில் முழுதாக வருவதில்லை, அதைக் கற்கும் ஆயத்தம்தான் வருகிறது என்பது இதன் பொருள். 2013இல் ஜப்பானில், பாம்பையே கண்டிராத குரங்குகளின் மூளையில் சில நரம்பணுக்கள் பாம்புப் படத்துக்கு மற்றப் படங்களைவிட விரைவாகவும் வலுவாகவும் துடிப்பது பதிவானது. பாம்பைச் சட்டென்று கண்டுகொள்ளும் தேவைதான் குரங்கினப் பார்வையை வளர்த்தது என்று மானிடவியலாளர் லின் இஸ்பெல் முன்பே வாதிட்டிருந்தார்.

இவ்வளவும் கண்ணும் காலும் செய்வதை விளக்கும். கை ஏன் கூப்புகிறது என்பதை விளக்காது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் கண்ணாடி விரியனுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் காவுகளில் நிற்பது படம் விரித்த நாகக்கல். உயிர்ப்பயம்தான் தெய்வத்தைப் படைத்தது என்றால் விரியனுக்கு அல்லவா முதலில் கோயில் எழுந்திருக்க வேண்டும்?

பரசுராமர் மீட்ட நிலத்தில் உப்புநீரை நன்னீராக்கியவை நாகங்கள், அதனால் ஒவ்வொரு வளவிலும் ஒரு மூலை அவற்றுக்கு உரியது என்கிறது கேரள ஐதீகம். அந்த மூலையில் மரம் வெட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை அளந்த வார்டு, கானர் இருவரும் சுமார் 15,000 காவுகளைக் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான், பிரசாதம் புற்றுமண். அதே கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. அவர்களுள் ஒருவரான பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்திருப்பதால், சமயம் மாறியபோதும் நாகம் இடம் மாறவில்லை எனலாம்.

சர்ப்பம் துள்ளல் என்னும் சடங்கில், பயம் வழிபாடாக மாறுவது இன்னும் பக்கத்தில் தெரியும். அரிசிமாவு வெள்ளை, மஞ்சள், உமிக்கரிக் கறுப்பு, மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த சிவப்பு, இலைப்பொடிப் பச்சை என்று ஐந்து நிறத்தில் பின்னிய நாகங்களைத் தரையில் களமாக எழுதுவார்கள். நாகப்பாட்டுப் பாடும் புள்ளுவர் வீணையும் குடமும் இசைத்துப் பாடப் பாட, களத்தில் உட்கார்ந்த பெண்கள் கமுகம்பூக்குலையுடன் அசைந்து, தலைமுடி அவிழ, தரையில் ஊர்ந்து கோலத்தையே கலைத்துவிடுவார்கள். எதைக் கண்டு உடம்பு விலகியதோ அதன் அசைவையே உடம்பு எடுத்துக்கொள்கிறது. குரங்கு இதைச் செய்ததாக எவரும் எழுதவில்லை.

கூட்டுக்குடும்பங்கள் பாகம் பிரிந்து நிலம் சிறு மனைகளானபோது காவுகளும் அழிந்தன. காவு இருந்த நிலத்தை விற்கிறவர்கள் சும்மா விற்பதில்லை. சர்ப்பத்தை முறைப்படி ஆவாகித்து, ஹரிப்பாட்டுக்கு அருகே மண்ணாறசாலை போன்ற இடங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பெண்ணே தலைமைப் பூசாரியாக இருக்கும் மண்ணாறசாலையில் நாகக்கற்கள் ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல, பாம்பே வராத வீட்டுமனைகளாகிவிட்ட காவுகளிலிருந்து வந்தவை.