செவரன்ஸ் சீசன் 2 கிளைமாக்ஸ்: மனைவியை மீட்ட மார்க், அந்தக் கதவைத் தாண்டாதது ஏன்?

ஸ்பாய்லர் அலர்ட்: 'செவரன்ஸ்' தொடரின் இரண்டு சீசன்களின் கதையும் இதில் இருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க!

கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி நின்று கதறுகிறார். இந்தப் பக்கம் கணவர். இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும், சேர்ந்து தப்பித்துவிடலாம். ஆனால் அவர் திரும்பிப்போய் வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். 2025 மார்ச் 21-ல் வெளியான 'செவரன்ஸ்' சீசன் 2-ன் கடைசி எபிசோடு 'கோல்ட் ஹார்பர்' இப்படித்தான் முடிகிறது.

'இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்திட்டு கடைசியில இப்படிப் பண்ணிட்டாரே' என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால், அந்தக் கதவருகே நின்றது ஜெம்மாவின் கணவரே இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மொத்த கிளைமாக்ஸும் புரிந்துவிடும்.

கதை என்ன? சுருக்கமா பார்க்கலாம்

டான் எரிக்சன் உருவாக்கிய இந்தத் தொடரின் பல எபிசோடுகளை இயக்கியவர் பென் ஸ்டில்லர். ஆப்பிளின் ஓடிடி தளத்தில் 2022 பிப்ரவரியில் முதல் சீசன் வந்தது.

கதையில் வரும் லூமன் என்ற நிறுவனம் சில ஊழியர்களின் மூளையில் ஒரு சிப் வைக்கிறது. லிஃப்ட்டில் ஆபீஸ் தளத்துக்குப் போனதும் வீட்டு நினைவுகள் எதுவும் இருக்காது. வெளியே வந்ததும் ஆபீஸில் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரே உடம்பு, இரண்டு ஆட்கள். தொடரில் இவர்களை 'இன்னி', 'அவுட்டி' என்பார்கள். நம்ம வசதிக்கு 'உள் மார்க்', 'வெளி மார்க்' என்று வைத்துக்கொள்வோம்.

வெளி மார்க் (ஆடம் ஸ்காட்) விபத்தில் மனைவி ஜெம்மா (டைச்சன் லாக்மன்) இறந்துவிட்டதாக நம்புபவர். அந்தத் துக்கத்தைத் தினமும் எட்டு மணி நேரமாவது மறக்கத்தான் இந்த வேலையிலேயே சேர்ந்தார். ஆனால் ஜெம்மா சாகவில்லை. அதே லூமன் கட்டடத்தின் அடித்தளத்தில் அடைபட்டிருக்கிறார்.

'கோல்ட் ஹார்பர்' என்றால் என்ன?

உள் மார்க்கின் வேலை, கம்ப்யூட்டர் திரையில் ஓடும் எண்களைப் பார்த்து, பயம், சோகம் என்று மனதில் எழும் உணர்வுக்கு ஏற்பப் பிரித்துப் போடுவது. எதற்கு என்று அவருக்கே தெரியாது. கடைசி எபிசோடில் முன்னாள் மேலாளர் கோபெல் (பாட்ரிசியா ஆர்க்வெட்) உண்மையை உடைக்கிறார். அந்த எண்கள்தான் ஜெம்மா!

மார்க் முடிக்கும் ஒவ்வொரு ஃபைலும் ஜெம்மாவுக்குள் ஒரு புதிய ஆளை உருவாக்குகிறது. அடித்தளத்தில் ஃபைலுக்கு ஒரு அறை. ஒரு அறையில் எப்போதும் பல் டாக்டர், இன்னொன்றில் ஆட்டம் காணும் விமானம். அறைக்குள் போவது ஜெம்மாவின் உடம்பு, வலியை அனுபவிப்பது அந்த அறைக்கென்றே உருவான இன்னொருவர். 'கோல்ட் ஹார்பர்' இதில் கடைசி ஃபைல். அது முடிந்தால் லூமனுக்கு ஜெம்மா தேவைப்பட மாட்டார்.

கூடவே ஒரு ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்க ஏற்பாடு நடக்கிறதே, அதுவும் இதற்குத்தான். ஜெம்மாவோடு சேர்த்துப் புதைப்பதற்காக.

அந்தத் தொட்டில் எதற்கு?

கோல்ட் ஹார்பர் அறையில் இருப்பது ஒரே ஒரு குழந்தைத் தொட்டில். அதைப் பிரித்துப் போடு என்று கட்டளை வருகிறது. மார்க் - ஜெம்மா தம்பதிக்குக் கரு கலைந்துபோனதையும், ஆசையாக வாங்கிய தொட்டிலை மார்க் பிரித்து எடுத்ததையும் ஏழாவது எபிசோடில் பார்த்திருப்போம். ஜெம்மாவின் வாழ்க்கையிலேயே ஆறாத காயம் அதுதான்.

அதைத் தொட்டும் எதுவும் தோன்றவில்லை என்றால் சிப் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். ஜெம்மா சலனமே இல்லாமல் ஸ்க்ரூவைக் கழற்றுகிறார். மேலே அமர்ந்து மானிட்டரில் பார்ப்பவர்களுக்கு அது வெற்றி. பார்க்கிற நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

கேமரா முன் நடந்த பேரம்

மனைவியை மீட்க வெளி மார்க்குக்கு உள் மார்க்கின் உதவி வேண்டும். இருவரும் நேருக்கு நேர் பேசவே முடியாது. அதனால் ஒரு கேபினில் கேம்கார்டரில் மாறி மாறிப் பேசிப் பதிவு செய்கிறார்கள். வாசலைத் தாண்டினால் ஒருவர், உள்ளே வந்தால் இன்னொருவர்.

ஆரம்பம் பணிவாகத்தான் இருக்கிறது. வெளி மார்க் மன்னிப்பு கேட்கிறார். இருவரின் நினைவுகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்று வாக்கு கொடுக்கிறார். உள் மார்க் ஒரு கணக்குப் போடுகிறார். 'உன் வாழ்க்கை பல வருடம், என் வாழ்க்கை வெறும் இரண்டு வருடம். சேர்த்தால் நான் எங்கே மிஞ்சுவேன்?' என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

அவர் உயிராக நினைக்கும் ஹெல்லியின் பெயரைக்கூட வெளி மார்க் தப்பாகச் சொல்கிறார். நம்பிக்கை உடைவது அந்த இடத்தில்தான். தன் காதலுக்காக எதையும் செய்யத் துணிந்தவர், எதிரில் இருப்பவரின் காதலியின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

கதவருகே நடந்தது என்ன?

அப்படியும் உள் மார்க் உதவுகிறார். அவரைப் போகச் சொல்வதே ஹெல்லிதான் (பிரிட் லோயர்). ஹெல்லியின் 'வெளி ஆள்' ஹெலினா ஈகன், லூமனை நடத்தும் குடும்பத்தின் வாரிசு. அதனால் வெளியே அவர்கள் சேர்ந்து வாழ வழியே இல்லை.

லிஃப்ட் கீழே இறங்கும்போது உடம்பு வெளி மார்க்கிடம் போகிறது. ஜெம்மாவை அறையிலிருந்து மீட்பது அவர்தான். ஆனால் தப்பிக்க மறுபடியும் ஆபீஸ் தளத்துக்குத்தான் வர வேண்டும். லிஃப்ட் மேலே வந்ததும் கணவன் - மனைவி இருவருமே மறைந்துவிடுகிறார்கள். நிற்பது உள் மார்க்கும், ஜெம்மாவின் ஆபீஸ் வடிவமான மிஸ் கேசியும்.

கடைசிச் சில அடிகளை நடத்திச் செல்லும் பொறுப்பு உள் மார்க்கிடம். சொன்ன வாக்குப்படி அவரைக் கதவுக்கு வெளியே அனுப்புகிறார். படிக்கட்டில் கால் வைத்ததும் மிஸ் கேசி ஜெம்மாவாக மாறிவிடுகிறார்.

உள் மார்க்குக்கு அந்தக் கதவு, தூக்குமேடைக்குச் சமம். தாண்டினால் திரும்பக் கண் விழிப்பாரா என்பதே நிச்சயமில்லை. அவர் செய்தது துரோகமா என்றால், ஜெம்மாவின் பார்வையில் ஆமாம். தன் பார்வையில், உயிர் வாழ ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

டிலனின் கடிதம் - பலர் கவனிக்காத காட்சி

சக ஊழியர் டிலன் (சாக் செர்ரி) மனம் உடைந்து ராஜினாமா கொடுக்கிறார். உள் ஆளுக்கு ராஜினாமா என்றால் மரணம். அவரது வெளி ஆள் பதில் கடிதம் எழுதுகிறார். கோபம் இருந்தாலும் உன்னை மதிக்கிறேன், போவதும் இருப்பதும் உன் முடிவு என்கிற தொனியில். டிலன் திரும்பி வருகிறார், கடைசிச் சண்டையில் ஹெல்லிக்குத் தோள் கொடுக்கிறார்.

முதல் சீசனில் ஹெலினா, ஹெல்லியை மனுஷியாகவே ஏற்கவில்லை. வெளி மார்க் பேரம் பேசினார். டிலன் மட்டுமே முடிவைத் தன் உள் ஆளிடம் விட்டார். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொடர் யார் பக்கம் நிற்கிறது என்பது தெரியும்.

பதில் வராத கேள்விகள்

* மார்க்கும் ஹெல்லியும் ஓடுகிறார்களே, எங்கே? அந்தத் தளத்துக்கு வெளியே அவர்களுக்கு உலகமே கிடையாது.
* வெளியே வந்த ஜெம்மா தப்பித்துவிட்டாரா?
* ரயிலேறிப் போன இர்விங் திரும்புவாரா?

சீசன் 3 எப்போது?

கிளைமாக்ஸ் வந்த கையோடு மூன்றாவது சீசனை ஆப்பிள் உறுதி செய்துவிட்டது. 2025 எம்மி விருதுகளில் அதிகபட்சமாக 27 பரிந்துரைகளைப் பெற்றது 'செவரன்ஸ்' சீசன் 2. டிராமா பிரிவில் பிரிட் லோயர் சிறந்த நடிகையாகவும், மில்ச்சிக்காக நடித்த டிரமெல் டில்மன் சிறந்த துணை நடிகராகவும் தேர்வானார்கள்.

அடுத்த சீசனில் வெளி மார்க் எப்போதாவது கண் விழித்தே ஆக வேண்டும். லிஃப்ட்டில் மனைவியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டதுதான் அவருக்குக் கடைசி நினைவு. அதற்குப் பிறகு நடந்ததை அவரிடம் யார் சொல்வது?