கிட்டார் கத்துக்கணுமா? 2 கார்டு தெரிஞ்சாலே வாசிக்கலாம்... தொடக்கக்காரர்களுக்கான ஈஸியான பாடல்கள் இதோ!

கிட்டார் வாங்கும்போதே பலரின் மனசில் ஒரு பாட்டு இருக்கும். நம்ம ஊரில் அது பெரும்பாலும் 'இளைய நிலா'. 1982ல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜா இசையமைத்த பாடல். ஆனால் அதில் வலது கை விரல்கள் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக மீட்ட வேண்டும். முதல் வாரமே அதில் கை வைத்தால் விரல் வலி ஒரு பக்கம், பாட்டு வரவில்லையே என்ற கடுப்பு இன்னொரு பக்கம். கடைசியில் கிட்டார் பரணுக்குப் போய்விடும்.

முதல் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டாலே போதும். அதில் எத்தனை கார்டு இருக்கிறது? ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாக மாற வேண்டும்?

கார்டு என்றால் என்ன?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. இடது கை விரல்கள் கம்பிகளை அழுத்தும். வலது கை மொத்தமாக மீட்டும். இப்படி மீட்டுவதற்குப் பெயர் ஸ்ட்ரம்மிங். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். மொத்தம் 6 கம்பிகள். மெல்லிய கம்பி 1, தடிமனானது 6.

எளிமையான கார்டு ஈ மைனர். 5வது, 4வது கம்பிகளை 2வது ஃப்ரெட்டில் அழுத்தினால் போதும். மற்ற கம்பிகள் அப்படியே இருக்கட்டும். ஆறையும் மீட்டலாம்.

2 கார்டு பாடல்கள்

* ஏ ஹார்ஸ் வித் நோ நேம்: 'அமெரிக்கா' என்ற குழுவின் பாடல். 1972ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் கார்டு ஈ மைனர். இரண்டாவது கார்டின் பெயர்தான் நீளம், பிடிப்பது ஈஸி: 6வது, 3வது கம்பிகளை 2வது ஃப்ரெட்டில் அழுத்தணும். பாட்டு முழுக்க இரண்டு விரல்தான் வேலை.
* எலினார் ரிக்பி: பீட்டில்ஸ், 1966. ஈ மைனரும் சி கார்டும் போதும். வேடிக்கை என்னவென்றால், இதன் ஒலிப்பதிவில் கிட்டாரே கிடையாது. 4 வயலின், 2 வியோலா, 2 செல்லோ மட்டும்தான்.
* ஜம்பலாயா: ஹேங்க் வில்லியம்ஸ், 1952. சி, ஜி செவன் என்ற இரண்டே கார்டு.

3 கார்டு பாடல்கள்

இரண்டு கார்டு தடுமாறாமல் வந்துவிட்டால் அடுத்தது ஜி, சி, டி. ஜி-யை 'ச' என்று வைத்துக்கொண்டால் சி 'ம', டி 'ப'. இந்த மூன்று கார்டுக்குள் இருக்கும் சுரங்களைச் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரமும் வந்துவிடும். மூன்று கார்டிலேயே இத்தனை பாடல்கள் அடங்குவதற்குக் காரணம் இதுதான்.

* ஹேப்பி பர்த்டே: ஜி, சி, டி. இது மூன்று தட்டுத் தாளம். முதல் சொல் தாளத்துக்கு முன்னாடியே தொடங்கிவிடும். இரண்டாவது சொல்லில்தான் கார்டு விழணும். வீட்டில் அடுத்த பிறந்தநாளுக்கே வாசித்துக் காட்டலாம்.
* பேட் மூன் ரைசிங்: கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், 1969. டி, ஏ, ஜி. கொஞ்சம் வேகமான பாட்டு, மெதுவாகப் பழகுங்கள்.
* த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்: பாப் மார்லி, 1977. ஏ, டி, ஈ.

4 கார்டு பாடல்கள்

* நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்: பாப் டிலன் 1973ல் ஒரு திரைப்படத்துக்காக எழுதியது. ஜி, டி, ஏ மைனர் ஒரு சுற்று. ஜி, டி, சி அடுத்த சுற்று. மெதுவான பாட்டு என்பதால் விரல் மாற்ற நேரம் கிடைக்கும்.
* ஸ்டாண்ட் பை மீ: பென் ஈ. கிங், 1961. ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசிக்கலாம். கடைசி வரை ஒரே சுற்றுதான்.
* லெட் இட் பி: பீட்டில்ஸ், 1970. சி, ஜி, ஏ மைனர், எஃப்.

ஒரே நாலு கார்டில் எத்தனை ஹிட் பாடல்கள் அடங்கும் என்பதை ஆஸ்திரேலியாவின் 'தி ஆக்சிஸ் ஆஃப் ஆசம்' நகைச்சுவைக் குழு மேடையில் வரிசையாகப் பாடியே காட்டியது.

எஃப் வந்தால் என்ன செய்வது?

பலர் கிட்டாரை மூடி வைப்பது இந்தக் கார்டில்தான். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். அந்த பலம் விரலுக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை எஃப் மேஜர் செவன் கைகொடுக்கும்: 4வது கம்பி 3வது ஃப்ரெட், 3வது கம்பி 2வது ஃப்ரெட், 2வது கம்பி 1வது ஃப்ரெட். 5, 6வது கம்பிகளை மீட்டக் கூடாது.

குரலுக்குச் சேரவில்லையா?

கேப்போ என்ற கிளிப்பை மாட்டினால் கார்டை மாற்றாமலேயே சுருதியை ஏற்றலாம். ஒரு ஃப்ரெட்டுக்கு அரைக் கட்டை ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஜி என்பது 5 கட்டை. 2வது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி அதே ஜி பிடித்தால் 6 கட்டை.

எப்படிப் பழகுவது?

* முதலில் ட்யூனர் செயலி வைத்து சுருதி சேருங்கள். சுருதி சேராத கிட்டாரில் சரியான கார்டும் தப்பாகத்தான் கேட்கும்.
* ஃப்ரெட் பட்டையின் மேலே அல்ல, அதை ஒட்டி, தலைப்பக்கமாக அழுத்துங்கள். குறைந்த அழுத்தத்திலேயே ஒலி சுத்தமாக வரும்.
* போன் ஸ்டாப்வாட்சில் ஒரு நிமிடம் வைத்து, இரண்டு கார்டுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் 4 தட்டுக்கு ஒரு கார்டு என்றால் 15 மாற்றம்தான் தேவை. 30 வந்துவிட்டால் தாராளமாகப் பாட்டுக்குப் போகலாம்.
* ஏ மைனரிலிருந்து சி-க்கு மாற மோதிர விரலை மட்டும் நகர்த்தினால் போதும். இந்த மாதிரி ஜோடிகளை முதலில் பழகுங்கள்.
* இடது கை தடுமாறினாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். கார்டு தப்பினால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

தமிழ்ப் பாட்டு எப்போ?

எப்போது வேண்டுமானாலும். ஆனால் இணையத்தில் ஒரு பாட்டின் கார்டைத் தேடி எடுத்ததும் எத்தனை வேறு கார்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலுக்குள் இருந்தால், எஃப், பி மைனர் போன்றவை இல்லாமல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். சரணத்தில் கார்டு அதிகமாக இருந்தால் இப்போதைக்குப் பல்லவியை மட்டும் வாசியுங்கள்.

விரல் நுனி வலி எல்லோருக்கும் வரும். தினமும் 15 நிமிடம் பழகினால் சில வாரங்களில் தோல் கெட்டியாகி வலி குறைந்துவிடும். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு 2 கார்டு பாட்டை எடுத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். 'இளைய நிலா'வுக்கு அதற்கப்புறம் வரலாம்.