ஓடியதால் பிழைத்த வண்டி

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையும், கடலூரிலிருந்து நெய்வேலி, விருத்தாசலம் வழியாகச் சின்னசேலத்தை நோக்கிச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுகின்ற வேப்பூர்க் கூட்டுரோடு, வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையால் பெயர் பெற்றதெனினும், எல்லா நாட்களிலும் அங்கே காதில் விழுகின்ற சப்தங்களுள் ஒன்று புல்லட் மோட்டார் சைக்கிளின் நிதானமான ஓசையாகும். போலீஸ்காரரும் மிராசுதாரரும் வியாபாரிகளும் இரண்டு மூன்று தலைமுறையாக ஏறி அமர்ந்து பழகிய அந்த வண்டியை நம்மவர்கள் கௌரவத்தின் சின்னமாகவும், பாரம் தாங்கும் வாகனமாகவும் அறிவார்களேயன்றி, ஸ்காட்லாந்து தேசத்து மலைப்பாறைகளிலும் ஓடைகளிலும் நடக்கும் பரீட்சைப் போட்டிகளில் அது தன் குணங்களை நிரூபித்தது என்பதைப் பலர் அறியார். பிறந்த நாட்டில் அதன் உற்பத்தி நின்ற பிறகும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அரை நூற்றாண்டு காலம் உயிர் தரித்த அந்த இயந்திரத்தின் சரித்திரத்தில், பழம்பொருளைப் பாதுகாப்பது எவ்வாறு என்பதற்கான ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது.

டிரையல்ஸ் என்று வழங்கும் அந்தப் பரீட்சைப் போட்டி, ஓட்டப்பந்தயத்துக்கு நேர் எதிரானது. வேகத்துக்கு அங்கே பரிசில்லை. வழுக்குப் பாறையும் சேறும் மரவேர்களும் நிறைந்த ஒரு குறுகிய பகுதியை, காலைத் தரையில் ஊன்றாமல், வண்டியை நிறுத்தாமல் கடந்து செல்பவனே தேர்ந்தவன். கால் ஒருமுறை நிலத்தைத் தொட்டால் ஒரு புள்ளியும், பலமுறை ஊன்றினால் மூன்று புள்ளிகளும், நின்றுவிட்டால் ஐந்து புள்ளிகளும் அவன் கணக்கில் குற்றமாக ஏறும். 1909-ல் தோன்றி, பின்னர் ஆறு நாள் போட்டியாக வளர்ந்த ஸ்காட்டிஷ் ஆறு நாள் பரீட்சை, இவ்வகையில் உலகப் பிரசித்தி பெற்றது. இத்தகைய போட்டிக்குச் சீறிப் பாயும் எஞ்சின் உதவாது. மிகக் குறைந்த வேகத்திலும் மூச்சு முட்டாமல் இழுக்கும் எஞ்சினும், ஓட்டுபவன் உடலின் சிறு அசைவுக்கும் இணங்கும் சட்டமும், எங்கே விழுந்தாலும் எழுந்து ஓடும் திடமுமே அதற்கு வேண்டும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயரை 1932-ல் ஒரு மாடலுக்குச் சூட்டியது. ஆயினும் நாம் அறிந்த புல்லட்டின் முன்னோடி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1948-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த கோல்மோர் கோப்பைப் பரீட்சையில்தான் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அந்நாளில் பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தது. பின்சக்கரம் மேலும் கீழும் ஆடினால் மண்ணில் பிடிப்புக் குறைந்துவிடும் என்பது பரீட்சைப் போட்டிக்காரர்களின் திடமான அபிப்பிராயமாக இருந்தது. அந்த அபிப்பிராயத்துக்கு மாறாக, பின்சக்கரத்தை ஓர் ஊசலாடும் கைக்கவையில் பொருத்தி, இருபுறமும் ஷாக் அப்சார்பர் வைத்துப் புல்லட்டை நிர்மாணித்தவர்கள், சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளாமல் அதன் மேடு பள்ளங்களைப் பின்பற்றிச் சென்றால் பிடிப்புக் கூடுமேயொழியக் குறையாது என்று நம்பினார்கள். அதே ஆண்டில் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் பரீட்சையில், புல்லட் ஏறிய சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் என்ற இருவரும் தங்கப் பதக்கம் பெற்றதோடு, அவர்கள் இடம்பெற்ற பிரிட்டிஷ் அணியும் வெற்றி கண்டபோது, அந்த நம்பிக்கை பிரத்யட்சமாக நிரூபணமாயிற்று.

விக் பிரிட்டனின் புதல்வர் ஜானி பிரிட்டன் 1950-களில் அந்தக் கீர்த்தியை இன்னும் உயர்த்தினார். 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் பரீட்சையில் அவர் முதலிடம் பெற்றார். இங்கிலாந்தின் கடுமையான ஸ்காட் பரீட்சையையும் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அவர் ஏறிய வண்டி விநோதமான தனிப் படைப்பு அன்று. கடையில் விற்ற புல்லட்டின் 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 346 சி.சி. எஞ்சினே அதற்கும் ஆதாரம். பாறையில் இடிபடாதபடி புகைக்குழாயை மேலே தூக்கி, விளக்குகளைக் களைந்து, பேட்டரியை நம்பாமல் மாக்னெட்டோவால் தீப்பொறி தந்து, முன்னே பெரிய சக்கரம் பூட்டி, கியர் விகிதத்தைத் தாழ்த்தி, மட்கார்டுகளை ஒடுக்கி அதனைச் சமைத்தார்கள். நீண்ட ஓட்டமுள்ள பிஸ்டனும் கனத்த ஃப்ளைவீலும் அளித்த அந்தப் பொறுமையான இழுவைதான், பிற்காலத்தில் நம் ஊர் மண்சாலைகளில் மூட்டையும் மனிதருமாக ஏற்றிக்கொண்டு புல்லட் ஏறிப் போனதற்கும் மூலகாரணம்.

சுதந்திரம் பெற்ற நம் தேசம், கரடுமுரடான எல்லைப்புறங்களில் ரோந்து செல்லத் தக்க மோட்டார் சைக்கிளைத் தேடியபோது, பரீட்சைக் களங்களில் தேர்ந்த புல்லட்டே ராணுவத்தாரின் கண்ணில் பட்டது; 1950-களின் தொடக்கத்தில் 350 சி.சி. வண்டிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று உத்தரவு சென்றது. தேவை பெருகவே, 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா லிமிடெட் என்ற ஸ்தாபனத்தை நிறுவி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைத்தன. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவது மட்டுமே அங்கே நடந்தது. 1956-ஆம் ஆண்டின் முடிவில் வெளிவந்திருந்தவை 163 வண்டிகளே. 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்து சேர்ந்தன; 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்நாட்டிலேயே தயாராயின.

இதன் பிறகு நேர்ந்தது சரித்திரத்தில் அபூர்வமானது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970-ல் அற்றுப்போயிற்று. தாய்வீடு இருண்ட பின்னரும் திருவொற்றியூரில் உலை அணையவில்லை. 1955-ஆம் ஆண்டின் மாடலே, சிற்சில மாறுதல்களுடன், தசாப்தம் தசாப்தமாக வெளிவந்துகொண்டிருந்தது. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில், வாங்குபவருக்கு வேறு வழி அதிகம் இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். ராணுவமும் போலீஸும் நிலையான வாடிக்கையாக இருந்தது மற்றொரு காரணம். ஆனால் காரணம் எதுவாயினும் விளைவு மகத்தானது. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. அங்கே பழைய புல்லட்டுகளைப் புனருத்தாரணம் செய்ய விரும்பியவர்களுக்கு, பழைய சரக்கு தீர்ந்த இடத்தில் சென்னைப் பாகங்கள் கைகொடுத்தன. எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆயினும் அராவியோ, லேத்தில் கடைந்தோ பொருத்திக்கொள்ளக்கூடிய சொந்தபந்தம் அவற்றுக்குள் இருந்தது. 1965-க்கு முற்பட்ட வண்டிகளுக்கென்றே ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவனில் 1984 முதல் நடந்துவரும் பரீட்சை, இவ்வகைப் புராதன வண்டிகள் கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிவிடாமல் மீண்டும் சேற்றில் இறங்குவதற்கு வழிசெய்தது.

ஆலை பாகங்களைக் காத்ததென்றால், வித்தையைக் காத்தவர்கள் நம் கூட்டுரோட்டு மெக்கானிக்குகள். பழைய புல்லட்டில் விட்வர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை என்று பலவகை ஆங்கில மரைகள் கலந்திருந்தன. பிற்கால வண்டிகளில் மெட்ரிக் மரையும் சேர்ந்துகொண்டது. எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்பதைக் கைவிரலின் முதல் இரண்டு சுற்றிலேயே உணர்ந்து, இணங்காத மரையை வற்புறுத்தித் திருகாமல் நிறுத்திவிடும் பயிற்சி, புத்தகத்தில் எழுதப்படாத கல்வி. டேப்பட் இடைவெளி பார்ப்பதும் அப்படியே. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில், புஷ்ராடு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. அந்த நிலைக்கு வந்ததும் பூட்டு நட்டை இறுக்கிவிடுவார்கள். பாயிண்டுக்கு மட்டும் ஃபீலர் கேஜ் வைத்து, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி அமைப்பது வழக்கம்.

பல வருஷம் தொழுவத்தில் கிடந்த வண்டியை மீட்கும் காரியம் இன்னும் நுட்பமானது. முதலில் செய்யவேண்டியது எதையும் அவிழ்ப்பதன்று. உள்ளது உள்ளபடி பார்த்து, எந்த வயர் எவ்வழி போகிறது, எந்த வாஷர் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வதே. பிறகு பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, அது ஊறியபின் கையால் மெள்ள எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். துருப்பிடித்த ரிங்குகளோடு கிக்கரை ஆத்திரத்துடன் மிதிப்பவன் சிலிண்டரைக் கீறிவிடுவான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்துப் பட்டறையில் போர் செய்து, இருபது, நாற்பது, அறுபது தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஏறுவரிசையில் கிடைக்கும் பெரிய பிஸ்டன்களில் பொருந்துவதை இடுவார்கள். இரும்பு வார்ப்பான அந்தச் சிலிண்டர் இவ்வாறு மூன்று முறை புத்துயிர் பெறும்; அதன்பின் உள்ளே சிலீவ் இறக்கி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். வால்வுகளை அரைப்பசை தடவி இருக்கையோடு தேய்த்து இணைப்பதும், கனெக்டிங் ராடின் பெரிய முனையில் மிதந்து சுழலும் புஷ்ஷைச் சோதிப்பதும், 1912 முதலே என்ஃபீல்டு வண்டிகளுக்கு விசேஷமான பின்சக்கரக் குஷ் டிரைவின் ரப்பர்களை மாற்றுவதும் அடுத்தடுத்த கிரமங்கள்.

இந்தத் தொழிலில் விருத்தாசலத்தாருக்கு மிக நெருங்கிய பொருள் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதி, பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கசிந்துவிடாமல் தடுத்து, எரியும் வாயுவின் உஷ்ணத்தையும் தாங்கி நிற்கும் பீங்கான். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர் வெந்து வந்த பாண்டத்தின் நிறத்தைக் கொண்டு நெருப்பின் அளவை அறிவது போல, தேர்ந்த மெக்கானிக் கழற்றிய பிளக்கின் பீங்கான் நிறத்தைக் கொண்டு எஞ்சினின் உள்நிலையை அறிவார். பிஸ்கட் நிறமாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்கின்றன; கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; வெளுத்திருந்தால் காற்று மிகுதி, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு.

பரீட்சை வண்டிகளின் புகழை நினைவுபடுத்தும் நோக்கத்துடன் புல்லட்டைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2019-ல் புல்லட் டிரையல்ஸ் என்ற மாடலை 350, 500 சி.சி. என்னும் இரு அளவுகளில் வெளியிட்டது. தூக்கிய புகைக்குழாயும் ஒற்றை இருக்கையும் ஜானி பிரிட்டனின் வண்டியை நினைப்பூட்டின. அந்த மாடல் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 2021-ல் மத்திய அரசாங்கம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு மூலவடிவம் மாறாதிருக்கும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை வகுத்து, பாரம்பரிய வாகனம் என்ற அந்தஸ்தை அளித்தது. அவ்வாறு பதிவு பெற்றவற்றைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்த்தல் முதலிய காரியங்களுக்கன்றி நித்திய உபயோகத்துக்கு ஓட்டலாகாது என்றும் விதித்தது. மூலவடிவத்தைக் காப்பது அவசியம் என்ற அதன் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் புல்லட்டின் சரித்திரத்தை நோக்குமிடத்து, அதனை நமக்கு மிச்சம் வைத்தது கண்காட்சி அன்று, ஓட்டமே என்பது தெளிவாகிறது. ஓடியதால் தேய்ந்தது, தேய்ந்ததால் பாகம் தேவைப்பட்டது, தேவைப்பட்டதால் வார்ப்பாலையும் லேத்துப் பட்டறையும் மெக்கானிக்கும் அவன் சீடனும் பிழைத்தார்கள், அவர்கள் பிழைத்ததால் வண்டியும் பிழைத்தது.

இந்தச் சங்கிலியில் இன்று நலியத் தொடங்கியுள்ள கண்ணி மனிதக் கண்ணி. பழைய இரும்பு எஞ்சினின் உற்பத்தி திருவொற்றியூரில் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. புதிய வண்டிகளைப் பழுதுபார்க்கக் கணினி போதும், விரல்நுனி ஞானம் வேண்டியதில்லை. பீங்கான் தொழிலைக் கற்பிக்க விருத்தாசலத்தில் அரசாங்கக் கல்வி நிலையம் இருக்கிறது. களிமண்ணின் குணமும் சூளையின் கிரமமும் அங்கே முறையாகப் போதிக்கப்படுகின்றன. அதே வட்டாரத்தில், அதைவிடக் குறைவில்லாத நுட்பமுள்ள புல்லட் வித்தைக்குப் பாடநூலும் இல்லை, பரீட்சையும் இல்லை. வயது முதிர்ந்த மெக்கானிக்குகளிடம் தொழில் கற்பவர்களும், அவர்கள் கைவண்ணத்தால் பயன்பெறும் வண்டிச் சொந்தக்காரர்களும், மரை அளவுகளையும் போர் கணக்குகளையும் மாற்றுப் பாகங்கள் பொருந்தும் விதங்களையும் தமிழிலே எழுதிவைக்க முன்வரவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒரு பழைய எஞ்சினையேனும் மாணவர் கையில் கொடுத்து அவிழ்த்துப் பூட்டப் பழக்கவேண்டும். தொழுவத்தில் கிடக்கும் வண்டியைப் பழைய இரும்புக்கடைக்கு எடைபோட்டுக் கொடுக்குமுன், அதை ஓட்டவல்ல ஒருவரைத் தேடிப் பார்ப்பது வீட்டாரின் கடமை. தாய்நாட்டிலே மறைந்த ஒரு தொழிற்கலையை அரை நூற்றாண்டு தாங்கிய தமிழ்நாடு, அதன் நுட்பங்களை எழுத்தில் ஏற்றி அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்குமாயின், அந்தப் பெருமை அதற்குப் பூரணமாக உரியதாகும்.